பண்டிகைக்கு ஒரு பின்னல் ரொட்டி



பண்டிகை நெருங்குகிறது. முறுக்கும் அதிரசமும் நெய்யுருண்டையும் எப்படிச் செய்வது என்று நான் உங்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே இம்முறை வேறொரு பலகாரத்தைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். சடை பின்னுவதுபோல் மாவைப் பின்னிச் சுடும் இனிப்பு ரொட்டிதான் அது. அதற்கு முன்னால், இதை எழுதத் தூண்டிய ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நுண்ணுயிர் பற்றிய பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். ஒரு புட்டியில் வெதுவெதுப்பான நீர், சீனி, ஒரு கரண்டி ஈஸ்ட். புட்டியின் வாயில் ஒரு பலூனை மாட்டி வைத்தோம். அரைமணி நேரத்தில் பலூன் தானே எழுந்து நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பலூனைக் கழற்றியதும் ஒரு பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், கள்ளு வாசம் அடிக்குது!" என்றான். வகுப்பே சிரித்தது. ஒரு சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தன் புத்தகத்தின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தாள்.

அந்தக் குனிந்த தலையை எனக்குத் தெரியும். அது ஒரு காலத்தில் என் தலை.

நான் பிறந்து வளர்ந்தது பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்தில் ஒரு தோட்டம். (2007-இல் அவ்வூரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறியது.) அப்பா சம்பள நாளன்று வீட்டுக்கு நேராக வரமாட்டார். எங்கள் ஆயா ஆப்ப மாவுக்குக் கொஞ்சம் கள் ஊற்றிப் புளிக்க வைப்பார். ஆப்பம் பூப்போல் இருக்கும். ஆனால் ஆயா காலமான பிறகு, கள் என்று ஒரு சொட்டுகூட இந்தப் படியேறக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அதோடு எங்கள் வீட்டில் ஆப்பமும் நின்றது.

எதிர்வீட்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அந்த அத்தை ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் ஏலக்காய் மணக்க ஒரு பின்னல் ரொட்டி சுட்டு எங்களுக்கும் ஒரு துண்டு கொடுத்து அனுப்புவார். ஒரு வருஷம் அம்மா தீபாவளிக்கு அதைச் செய்து பார்க்க ஆசைப்பட்டு, பட்டணத்துக் கடையில் ஒரு பொட்டலம் ஈஸ்ட் வாங்கி வந்தார். விடியற்காலையில் மாவு பிசைந்து மூடி வைத்துவிட்டு வெட்டுக்குப் போனார். வேலை முடிந்து வந்து மூடியைத் திறந்தால், மாவு பொங்கி வழிந்து, பிறகு அமுங்கிக் கிடந்தது. வீடெல்லாம் அதே வாடை!

அம்மா ஒன்றும் பேசவில்லை. சட்டியோடு தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டினார். "காசு கொடுத்து வாங்கியாந்து நானே இந்த வாடைய வீட்டுக்குள்ள வச்சேனே" என்றுதான் சொன்னார். திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் ஒன்றும் பேசவில்லை.

அன்று எனக்கு விளங்காதது, பயிற்சிக் கல்லூரிக்குப் போன பிறகுதான் விளங்கியது. ஈஸ்ட் என்பது கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர். புளிப்பது இந்த நுண்ணுயிரின் வேலை என்பதை 1850-களின் இறுதியில் லூயி பாஸ்டர் என்ற பிரெஞ்சு அறிவியலார் ஆராய்ந்து காட்டினார். அது சர்க்கரையைத் தின்று இரண்டு பொருள்களை வெளியே விடுகிறது. ஒன்று கரிவளி, மற்றொன்று சாராயச் சத்து. கள்ளில் கரிவளி காற்றோடு போய்விடுகிறது, சாராயச் சத்து தங்கிவிடுகிறது. ரொட்டியில் கரிவளி மாவுக்குள் அகப்பட்டு அதை உப்ப வைக்கிறது, சாராயச் சத்து பெரும்பாலும் அடுப்புச் சூட்டில் ஆவியாகிவிடுகிறது. வேலை செய்யும் உயிர் ஒன்றுதான். நாம் எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இது நம் முன்னோர் அறியாததல்ல. ஆப்ப மாவுக்குக் கள் ஊற்றுவது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கேரளத்திலும் இருந்துவந்த பழக்கம். 1510-இல் கோவாவைப் பிடித்த போர்ச்சுகீசியர் கொண்டுவந்த ரொட்டியும் அங்கே தென்னங்கள்ளால்தான் உப்பியது. ஆனால் இந்நாட்டுத் தோட்டங்களில் கள் மாவுக்குப் போனதைவிட மனிதனுக்குள் போனதே அதிகம். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பது. தலைவர் ஆர். எச். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தவர்களும் உண்டு. குடிக்கக் கூடாது என்று யாரோ மேலேயிருந்து நமக்குப் புத்தி சொல்லவில்லை. கேட்டவர்கள் நம் பாட்டன்மார்களே. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

சரி, ரொட்டிக்கு வருவோம். பண்டிகைக்குப் பின்னல் ரொட்டி சுடும் வழக்கம் பல நாடுகளில் இருக்கிறது. யூதக் குடும்பங்கள் ஓய்வுநாள் உணவு மேசையில் இரண்டு பின்னல் ரொட்டிகளை வைக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் அது ஞாயிற்றுக்கிழமை ரொட்டி. அதன் பெயரான 'சோப்ஃப்' என்பதற்கே சடை என்றுதான் பொருள். கிரேக்கர்கள் ஈஸ்டர் பண்டிகைக்குச் செய்து, நடுவில் சிவப்புச் சாயமிட்ட முட்டையைப் பதிக்கிறார்கள். பனி கொட்டும் பின்லாந்தில் மாவோடு ஏலக்காய் தட்டிப் போடுகிறார்கள். ஏலக்காயின் தாயகமோ நம் மேற்குத் தொடர்ச்சி மலை! நம் மலைச் சரக்கு அவ்வளவு தூரம் போய் அவர்கள் வீட்டுப் பண்டிகையை மணக்கச் செய்கிறதே, நம் வீட்டில் மணக்கக் கூடாதா?

வேண்டியவை: ரொட்டி மாவு 500 கிராம் (சாதாரணக் கோதுமை மாவிலும் செய்யலாம், சற்று உதிரும்), 11 கிராம் ஈஸ்ட் பொட்டலம் ஒன்று, சீனி 80 கிராம், வெதுவெதுப்பான பால் 200 மில்லி, முட்டை ஒன்று, வெண்ணெய் 60 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் பத்து. மேலே பூச ஒரு மஞ்சள் கரு. முட்டை சேர்க்காதவர்கள் பாலை 50 மில்லி கூட்டி, மேலேயும் பாலையே பூசலாம்.

பாலில் சுண்டு விரலை விட்டால் சுடக் கூடாது. சுட்டால் ஈஸ்ட் செத்துவிடும். ஒரு கரண்டி சீனியோடு ஈஸ்டைப் பாலில் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். நுரை கட்டினால் உயிர் இருக்கிறது என்று பொருள். நுரை இல்லையென்றால் பொட்டலம் பழையது, மாவை வீணாக்காதீர்கள். பிறகு மாவு, மீதிச் சீனி, உப்பு, ஏலப்பொடி, முட்டை சேர்த்துப் பிசையுங்கள். மாவு மிகவும் இறுக்கமாக இருந்தால் இன்னும் ஒரு கரண்டி பால் விடலாம். கடைசியில் வெண்ணெய். கை சலிக்கும் வரை, அதாவது பன்னிரண்டு நிமிடமாவது பிசையவேண்டும். மாவு காதுமடல்போல் மெத்தென்று ஆகவேண்டும்.

ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள். நம் ஊர் வெக்கைக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் போதும். இரண்டு மடங்கானதும் நிறுத்திவிட வேண்டும். வேலைக்குப் போய்விட்டு வந்து பார்க்கலாம் என்று வைத்தால், எங்கள் அம்மாவுக்கு நேர்ந்ததே நேரும். வெளியே போகவேண்டியிருந்தால் மாவைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள், மெதுவாகப் பொங்கும்.

பிறகு மாவை அமுக்கி, மூன்று பங்காக்கி, ஒவ்வொன்றையும் ஒரு முழக் கயிறாக உருட்டுங்கள். மூன்று நுனிகளையும் சேர்த்து அழுத்தி, சடை பின்னுவதுபோல் பின்னுங்கள். இறுக்கிப் பின்னாதீர்கள். உப்புவதற்கு இடம் வேண்டும். மறுபடியும் அரைமணி நேரம் வைத்து, மஞ்சள் கரு பூசி, 180 பாகைச் சூட்டில் 25 முதல் 30 நிமிடம் சுடுங்கள். அடிப்பக்கத்தைத் தட்டினால் வெற்றுப் பெட்டிபோல் சத்தம் வரவேண்டும்.

'அவன்' அடுப்பு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நம் மலாய் அண்டை வீட்டார் பஹுலு சுட்ட பழைய முறை இருக்கிறது. கீழேயும் நெருப்பு, மேலேயும் நெருப்பு. பெரிய பிஸ்கட் டின்னில் இரண்டு விரல் உயரம் மணல் பரப்பி, அதன்மேல் ரொட்டித் தட்டை வைத்து, மூடியின்மேல் சிரட்டைக் கரி போடலாம். கீழ்நெருப்பு குறைவாகவும் மேல்நெருப்பு சற்றுக் கூடுதலாகவும் இருக்கட்டும். வீட்டுக்குள் செய்யாதீர்கள், கரிப்புகை ஆளைக் கொல்லும். புல்லுக்கு அடிக்கும் மருந்து வந்த டின்னை எத்தனை முறை கழுவினாலும் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டு டின்னுக்கு மணல் சலித்துக் கொடுத்தது யார் தெரியுமா? அப்பாதான். மாவு கொட்டிய மறுவாரம், யாரும் கேட்காமலே செய்தார். அதோடு குடியை விட்டுவிட்டார் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். ஆனால் விடவில்லை. பல வருஷம் கழித்து, உடம்பு கெட்ட பிறகுதான் விட்டார். ஆனாலும் அதற்குப் பிறகு தீபாவளி மாதச் சம்பள நாளில் மட்டும் நேராக வீட்டுக்கு வந்து, "மாவு வாங்கணுமா?" என்று கேட்பார். அம்மா அந்த ஒரு கேள்விக்காக வருஷம் முழுதும் காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

தவணை முடிவில் எங்கள் வகுப்பில் ரொட்டி சுட்டோம். அந்தச் சிறுமியின் பின்னல்தான் எல்லாவற்றிலும் நேர்த்தி. காலையில் இரண்டு தங்கைகளுக்குச் சடை பின்னிவிட்டு வருகிற கை அல்லவா! தோட்டங்களில் கள்ளுக்கடைகள் குறைந்துவிட்டன. புட்டி வேறு பெயரில் இன்னும் வீட்டுக்குள் வருகிறது. அவள் வீட்டை நான் மாற்றிவிட முடியாது. ஆனால் பலூனை எழுப்பியதும் ரொட்டியை எழுப்பியதும் ஒன்றே என்று அவளுக்குச் சொன்னேன். அவள் முகர்ந்து பார்த்து, "இப்ப அந்த வாசம் இல்ல டீச்சர்" என்றாள். மறுநாள், "அப்பாவுக்கும் ஒரு துண்டு எடுத்து வச்சேன்" என்றாள். சாப்பிட்டாரா என்று நான் கேட்கவில்லை.

இந்தப் பண்டிகைக்கு ஒருமுறை செய்து பாருங்கள். மாவைப் பின்னும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் சந்திப்போம்.