அழுக்குக்கும் ஆதாரம் வேண்டும்

1986இல் வந்த ‘டாப் கன்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு எஃப்-14 டாம்கேட் விமானத்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அமெரிக்கக் கடற்படைக்காக கிரம்மன் நிறுவனம் உருவாக்கிய இந்தப் போர்விமானம் 1970 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்தது. 2006இல் அந்தக் கடற்படையிலிருந்து விடைபெற்றது. ஜப்பானின் டமியா நிறுவனம் 1/48 அளவில் இதன் மாதிரியை ஒட்டிச் செய்வதற்கான கிட்டை வெளியிட்டதோ அதற்குப் பத்தாண்டு கழித்து, 2016இல். 19 மீட்டர் நீள விமானம் அதில் 40 செ.மீ. ஆகச் சுருங்குகிறது. இன்றைய கிட்களில் பாகங்கள் கச்சிதமாகப் பொருந்துவதால், பொறுமை உள்ள எவரும் ஒட்டி முடித்துவிடலாம். மாதிரியின் தரம் தீர்மானமாவது அதற்குப் பிறகு, வண்ணமடித்து அழுக்கேற்றும் கட்டத்தில். அங்கேதான் இந்தக் கலையில் சோம்பல் புகுந்துவிட்டது என்பேன். பத்து டாம்கேட் மாதிரிகளை வரிசையாக வைத்து வாலில் உள்ள எண்ணை மறைத்துவிட்டால், அவற்றின் அழுக்கை வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிய முடிவதில்லை. குறிப்பிட்ட ஒரு விமானம், குறிப்பிட்ட ஒரு காலம், அதற்கான புகைப்படம்: இந்த மூன்றும் கையில் இல்லாமல் ஒரு கறையைக்கூட வைக்கக் கூடாது.

வழக்கமாக நடப்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விமானத்தின் உலோகத் தகடுகள் சந்திக்கும் இடங்கள் கிட்டில் மெல்லிய பள்ளக் கோடுகளாகச் செதுக்கப்பட்டிருக்கும். நீர்த்த கறுப்புச் சாயத்தை அவற்றில் ஓடவிட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுப்பார்கள். கோடு 0.2 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டாலும், 48ஆல் பெருக்கினால் அசலில் அது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. ஒலியைவிட இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் பறக்கும் விமானத்தில் தகட்டுக்குத் தகடு அவ்வளவு சந்து இருக்குமா? சின்ன உருவில் நிழல் தானாக விழாது, அதைத் தீட்டித்தான் காட்ட வேண்டும் என்று இதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். பாதி உண்மை. அசையும் பாகங்களைச் சுற்றி மெய்யாகவே இடைவெளி உண்டு. அங்கே கறுப்பு நியாயம். உடலெங்கும் ஒரே கறுப்புக் கட்டங்கள் போட்டால் விமானம் மறைந்து வரைபடத்தாள்தான் எஞ்சும்.

விமானந்தாங்கிக் கப்பலில் சேரும் அழுக்கு இப்படிக் கோடு பார்த்துச் சேர்வதில்லை. உப்புக்காற்று உலோகத்தை அரிக்கிறது. அரிப்பு தெரிந்த இடத்தைச் சுரண்டி, கையில் கிடைத்த சாம்பல் நிறத்தைப் பூசிவிடுகிறார்கள். நடுக்கடலில் நிறம் பொருந்துகிறதா என்று நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. சில மாதங்களில் விமானம் முழுக்கத் திட்டுத்திட்டாக ஒட்டுப்போட்டது போலாகிவிடும். நன்னீர் கப்பலில் அருமையான பொருள் என்பதால் நினைத்தபோதெல்லாம் கழுவவும் முடியாது. ஆட்கள் ஏறி நடக்கும் இடங்களில் பூட்ஸ் தடம் படிகிறது. வயிற்றுப் பக்கம் ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்து காற்றோடு பின்னோக்கி இழுபடுகிறது. டாம்கேட்டுக்கே உரிய கறை ஒன்றும் உண்டு. பறக்கும்போது அதன் இறக்கைகள் 20 பாகையிலிருந்து 68 பாகை வரை பின்னோக்கி மடங்கும். தளத்தில் நிறுத்தும்போது இடம் மிச்சம்பிடிக்க 75 பாகை. இறக்கை உடலுக்குள் போய்வரும்போதெல்லாம் உராய்ந்து, அதன் மேற்பரப்பில் வில் வளைவாகத் தேய்மானம் பதிகிறது. தகட்டுக் கோடுகளுக்கும் அந்த வளைவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை விட்டுவிட்டுக் கோடுகளைக் கறுப்பாக்குபவர் டாம்கேட்டின் கையெழுத்தையே விட்டுவிடுகிறார்.

காலமும் முக்கியம். 1970களில் இவ்விமானங்கள் மேலே வெளிர்சாம்பலும் கீழே வெள்ளையுமாகப் பளபளத்தன. வாலில் மண்டையோடும் எலும்பும் வரைந்துகொண்டு திரிந்த படைப்பிரிவுகூட இருந்தது. 1980களில் எதிரியின் கண்ணில் படாதிருக்க மங்கலான, பளபளப்பற்ற சாம்பல் நிறங்கள் வந்தன. பளபளப்புப் பூச்சில் துடைத்தால் போய்விடும் அழுக்கு, மங்கல் பூச்சில் ஊறித் தங்கிவிடும். ஆகவே 1975 விமானத்துக்கு 1990இன் அழுக்கைப் பூசுவது காலப்பிழை. கப்பல் துறைமுகத்தை விட்ட முதல் வாரத்துக்கும் ஆறாவது மாதத்துக்கும் இடையிலும் அதே அளவு வேறுபாடு உண்டு.

இது பொழுதுபோக்கு, இதில் எதற்குச் சட்டதிட்டம் என்று கேட்பார்கள். கற்பனை விமானம் செய்பவர் ரோஜா நிறம்கூட அடிக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் படைப்பிரிவின் சின்னத்தையும் கப்பலின் பெயரையும் விமானத்தின் எண்ணையும் ஒட்டிய நொடியில், ‘இது அந்த விமானம்’ என்று ஒருவர் சொல்லிவிடுகிறார். சொன்னதற்குப் பொறுப்பேற்கத்தானே வேண்டும்? போர்க்கருவியை இப்படி நுணுக்கி நுணுக்கிச் செய்வது போரைக் கொண்டாடுவதாகாதா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: கொண்டாட்டம் பெரும்பாலும் பளபளப்பைத்தான் கேட்கும். ஒட்டுப்போட்ட, எண்ணெய் வழிந்த விமானம், இரவும் பகலும் அதைச் சுரண்டிப் பூசிய பணியாளர்களின் உழைப்பைக் காட்டுகிறது. திரைப்படம் அவர்களைப் பெரும்பாலும் ஓரத்தில்தான் நிறுத்துகிறது.

அசலைப் போய்ப் பார்த்தாலும் இந்த அழுக்கு கிடைக்காது என்பதுதான் என் வாதத்துக்குப் பெரிய பலம். எழுநூறுக்கு மேல் தயாரான டாம்கேட்களில் ஓய்வுபெற்ற பலவற்றை, உதிரிபாகங்கள் ஈரானின் கைக்குப் போய்விடக் கூடாதென்று அமெரிக்கா துண்டுதுண்டாக்கியது. ஷா காலத்தில் வாங்கிய டாம்கேட்களை ஈரான் அப்போதும் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது. அருங்காட்சியகங்களில் நிற்பவையோ பெரும்பாலும் புதிதாக வண்ணமடித்து மணப்பெண் கோலத்தில் நிற்கின்றன. கடலில் அவை இருந்த நிலைக்குப் புகைப்படங்களே சாட்சி. படமும் ஏமாற்றும்தான்: நிறம் திரிந்திருக்கும், ஒரு பக்கம்தான் தெரியும். தெரியாத பக்கத்தில் அடக்கி வாசிப்பதே முறை. மாதிரிகளுக்குப் போட்டி நடத்துபவர்கள் ஒட்டுத் தழும்பையும் சாய்மானத்தையும் சோதிப்பதோடு, எந்தப் படத்தைப் பார்த்துச் செய்தது என்று மாதிரிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னால் பாதிக் குறை தீரும். அமெரிக்கக் கடற்படையினர் பணியின்போது எடுத்த படங்களுக்கு அந்நாட்டில் காப்புரிமைத் தடை கிடையாது. டாம்கேட்டைப் பொறுத்தவரை படம் கிடைக்கவில்லை என்ற சாக்கு செல்லாது.