ஒளிப்படம் திருத்தும் கணினி: எதற்கு முதலிற் பொருள் செலவிடல் வேண்டும்?

நம் கல்லூரி மாணாக்கருள் ஒளிப்படக் கலையில் ஈடுபட்டார் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. அவருட் சிலர், கடையில் ஆயத்தமாய் விற்கும் கணினியை வாங்காது, உறுப்புக்களைத் தனித்தனியே தேர்ந்து வாங்கித் தம் இல்லத்திலேயே பொருத்திக்கொள்ள விழைகின்றனர். இம்முயற்சி பாராட்டற்குரியதே. பொருளும் மிஞ்சும், கருவியின் உள்ளமைப்பும் விளங்கும். ஆயின் அவர்கள் எழுப்பும் முதல் வினா, "எந்தச் செயலி சிறந்தது? எந்தக் கிராபிக்ஸ் கார்டு விரைவுடையது?" என்பதாகவே உளது. எத்தகைய திரையிற் படத்தைக் காணப்போகின்றோம் என்று கேட்பார் அரியர். இம்முறை தலைகீழானது என்பதே என் துணிபு. படம் திருத்துவதற்கென அமைக்கும் கணினியில் திரைக்கே முதலிடம், அடுத்தது நினைவகம், அதன்பின் படங்களை ஈரிடத்திற் காத்துவைக்கும் சேமிப்புக் கருவிகள். செயலியும் கிராபிக்ஸ் கார்டும் எஞ்சிய பொருளுக்கேற்ப அமையத்தக்கன. இதனை மறுப்பார் பலர் உளர். ஆதலின் காரணங்களைச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றேன்.

பல இடத்து உறுப்புக்களைக் கூட்டி ஒரு கருவியை அமைப்பது நம் காவிரி நாட்டிற்குப் புதியதன்று. தரங்கம்பாடியிற் சீகன்பால்க் ஐயர் அச்சுக்கூடம் நிறுவிய வரலாற்றை நம்மவர் அறிவர். அச்சுப்பொறி இலண்டனிலுள்ள கிறித்தவ அறிவு பரப்பும் சங்கத்தார் உதவியால் வந்தது. தமிழ் எழுத்துக்கள் ஜெர்மனி தேசத்து ஹாலே நகரில் வார்க்கப்பெற்று 1713இல் வந்தடைந்தன. பொறியும் எழுத்தும் கைக்கு வந்தபின்னும் வேலை இடர்ப்பட்டது. ஏனெனில் அவ்வெழுத்துக்கள் உருவிற் பெரியன, காகிதத்தை விழுங்கின. காகிதமோ கடல் கடந்து வரவேண்டிய பொருள். நற்செய்தி நூல்கள் நான்கும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் அப்பெரிய எழுத்திலேயே அச்சாயின. எஞ்சிய நிருபங்களுக்கெனச் சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்துக்கொண்டு, 1715இற் புதிய ஏற்பாட்டை முற்றுவித்தனர். பொறையாற்றிற் காகித ஆலையொன்றும் எழுந்தது. அவர்கள் அதனினும் விரைந்தோடும் அச்சுப்பொறியொன்றை வருவித்திருப்பின் ஒரு பக்கமேனும் மிகுதியாய் அச்சாகியிராது. குறை காகிதத்தில் இருந்தது. கணினி அமைப்பாரும் தம் வேலைக்குக் குறை எவ்வுறுப்பில் உளது என்பதையே முதலில் ஆராய்தல் வேண்டும்.

ஒளிப்படத்தைத் திருத்தும் தொழிலும் தஞ்சைக்குப் பழையதே. சென்னைப் படையைச் சேர்ந்த காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பார் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். மெழுகூட்டிய காகிதமே அவர்க்கு நெகட்டிவ். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியோடும் கல்வெட்டு வரிகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். அக்காலத்துக் காகித நெகட்டிவ் நீல ஒளியை மிகுதியாக ஏற்குமாதலால் வானம் வெறும் வெண்பரப்பாய்ப் போய்விடும். அக்குறையை நீக்கத் தம் நெகட்டிவ்கள் பலவற்றில் மேகங்களைத் தூரிகையால் தீட்டினார். இன்று நம் இளைஞர் எலிக்குறியை நகர்த்திச் செய்வதை அவர் கையாற் செய்தார். அவர் நம்பியது தம் கண்ணை. கண்முன் இருந்ததோ நெகட்டிவே. நமக்கும் படத்துக்கும் இடையே திரை நிற்கின்றது. திரை பொய் சொன்னால் கண் யாது செய்யும்?

அதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். திரையில் எழிலுடன் தோன்றிய படம் அச்சில் இருண்டு வந்தது என்ற முறையீட்டை ஸ்டூடியோக்காரர் அனைவரும் கேட்டிருப்பர். பழி அச்சிட்டவர்மேல் விழும். உண்மையிற் குற்றம் பெரும்பாலும் திரையினுடையது. புதிதாய் வாங்கிய மானிட்டரைக் கடையில் வைத்தவாறே மிக்க ஒளியுடன் ஓட்டுகின்றோம். படம் தேவைக்கு மேல் வெளிச்சமாய்த் தோன்றுவதால் அதனை நாமே இருளாக்கிவிடுகின்றோம். அச்சுக்கு அனுப்பும் படங்களைத் திருத்துவோர் திரையின் ஒளியைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 காண்டெலா அளவிற்குக் குறைத்துக்கொள்வது வழக்கம். இதற்குப் பொருட்செலவு யாதுமில்லை; ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும். ஆயினும் பல்லாயிரம் ரூபாய்க்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்கியவர்கள்கூட இதனைச் செய்வதில்லை!

வண்ணத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். நாற்றங்கால் பச்சை வேறு. நட்டுப் பதினைந்து நாளான சம்பாப் பயிரின் பச்சை வேறு. கதிர் முற்றி மஞ்சள் ஏறும் பச்சை வேறு. வயலை நாள்தோறும் காணும் உழவர் மகன் இவ்வேறுபாட்டை ஒரு நோக்கில் அறிவான். மலிந்த டி.என். வகைத் திரையிலோ, தலையைச் சிறிது உயர்த்தினால் ஒரு நிறமும் தாழ்த்தினால் மற்றொரு நிறமும் தோன்றும். காமிராவோ பச்சையைப் புறக்கணிப்பதன்று. அதன் உணரியில் ஒவ்வொரு சிவப்புக்கும் ஒவ்வொரு நீலத்துக்கும் இரண்டு பச்சைச் சில்லுகள் உள்ளன. கோடாக் நிறுவனத்துப் பிரைஸ் பேயர் வகுத்து 1976இற் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. மனிதக்கண் பச்சை ஒளியிலேயே நுண்ணிய வேறுபாட்டை மிகுதியாய் அறியும் என்பதே அதன் அடிப்படை. கருவி இத்துணை நுட்பமாய்ப் பதிந்த பச்சையை, காட்டும் திரை கெடுப்பதாயின் காமிராவிற்கு இட்ட பொருளும் வீணே.

ஆகவே ஐ.பி.எஸ். வகைத் திரை வேண்டும், எஸ்.ஆர்.ஜி.பி. எனும் வண்ண எல்லையை முழுமையாய்க் காட்டுவதாய் இருத்தல் வேண்டும். இருபத்தேழு அங்குலமும் 2560க்கு 1440 புள்ளிகளும் உடையது போதிய அளவினது. அதனினும் விரிந்த அடோபி ஆர்.ஜி.பி. எல்லையைக் காட்டும் திரைகள் விலை மிக்கவை. நம் தஞ்சாவூர் ஓவியங்களின் பொன்தகட்டையும் வண்ணக் கற்களையும் நூலுக்கெனப் படியெடுப்போர்க்கு அவை பயன்படலாம், ஏனையோர்க்கு வேண்டா. திரையின் பின்னுள்ள சுவர் வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ இருத்தல் நன்று. நீலம் கலந்த சுண்ணாம்பு பூசிய அறையிற் பட்டப்பகலில் அமர்ந்து மணமகளின் முகநிறத்தைத் திருத்த முற்படுவோர், முடிவில் அம்முகத்தை மஞ்சளாக்கியே எழுவர்.

இனி நினைவகம். இது வெறுங் கணக்கு. இருபத்துநான்கு மெகாபிக்சல் படத்தில் 6000க்கு 4000 புள்ளிகள் உள. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று நிறம். நிறத்திற்கு 16 பிட்டு, அஃதாவது 2 பைட்டு. ஆகப் புள்ளிக்கு 6 பைட்டாக, ஒரு படம் விரித்துவைத்தால் 144 மெகாபைட்டு இடம் கொள்ளும். பத்து லேயர் சேர்த்தால் 1,440 மெகாபைட்டு. டிரைப் துரை ஒட்டிய 21 படங்களை இக்காலக் காமிராவில் எடுத்திருப்பின், இணைக்குமுன்னரே 3,024 மெகாபைட்டாகும். பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய இடைநாழியில், நாயக்கர்காலத் தீட்டலின் கீழ் மறைந்திருந்த சோழர்கால ஓவியங்களை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவ்விடம் மிகக் குறுகியது; ஓவியம் முழுவதும் ஒரே படத்தில் அடங்குமாறு பின்னே நகர்ந்து நிற்க வழியில்லை. இத்தகைய சுவர்களைத் துண்டு துண்டாய் எடுத்தே இணைத்தல் வேண்டும். நினைவகம் போதாதபோது கணினி, வட்டிற்கும் நினைவகத்திற்கும் இடையே ஓயாது அலைந்து திணறும். விரைந்த செயலியும் கைகட்டிக் காத்திருக்கும். எனவே 32 ஜிகாபைட்டு ரேம் விரும்பத்தக்கது. 2025ஆம் ஆண்டின் இறுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணினி நிலையங்களின் தேவை மிகுந்தமையால் ரேமின் விலை திடுமென ஏறிற்று. விலை உயர்ந்த காலத்தில் வாங்குவோர் 16 ஜிகாபைட்டு ஒன்றை மட்டும் பொருத்தி, மதர்போர்டில் மற்றோரிடத்தைக் காலியாய் விட்டுவைத்தல் அறிவுடைமை.

செயலியைக் குறித்து மிகுதியாய்க் கூற வேண்டுவதில்லை. ஆறு கோர் உடைய நடுத்தரச் செயலி இவ்வேலைக்குப் போதும். ஒன்றை மட்டும் கவனித்தல் வேண்டும்: எஃப் என்ற எழுத்தில் முடியும் இன்டெல் செயலிகளில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. விலை சற்றுக் குறைவென்று அதனை வாங்கினால் தனிக் கார்டு வாங்கியே தீரவேண்டும். இல்லையேல் திரையில் ஒன்றும் தோன்றாது. தனிக் கார்டு யார்க்கு வேண்டும் எனின், லைட்ரூமில் 2023ஆம் ஆண்டு வந்த டீநாய்ஸ் போன்ற, செயற்கை நுண்ணறிவால் இயங்கும் வேலைகளை நாள்தோறும் நூற்றுக்கணக்கான படங்கள்மேற் செய்யும் திருமணப் படக்காரர்க்கு வேண்டும். மாணாக்கர் பெரும்பாலார்க்கு வேண்டா. "கார்டு இருந்தால் விளையாட்டுக்கும் ஆகுமே" என்பார் சிலர். ஆகும், அவ்வாறாயின் தந்தையாரிடம் விளையாட்டிற்கென்றே பணம் கேட்பது நேர்மை.

சென்னை ரிச்சித் தெருவிற்குச் சென்று வருவோர் பலர், வண்ண விளக்குகள் மின்னும் கண்ணாடிப் பெட்டிகளை ஏந்தி வருகின்றனர். அவ்விளக்கின் நிறவொளி திரைமேலும் சுவர்மேலும் விழுந்து கண்ணை மயக்குமேயன்றி வேறு பயன் தாராது. காற்றோட்டமும், கழற்றிக் கழுவத்தக்க தூசி வடிகட்டியும் உள்ள எளிய பெட்டியே நம் ஊருக்கு ஏற்றது. தை, மாசியில் அறுவடை இயந்திரம் ஓடுங்கால் எழும் வைக்கோல் தூசியை அறிந்தோர் இதன் தேவையை உணர்வர். நாகை, வேதாரணியப் பக்கத்தார்க்கு உப்புக்காற்றும் ஒரு பகை. மின்சாரமோ, 230 வோல்ட்டு என்று ஏட்டில் உளது. கோடையில் பம்புசெட்டுக்கள் ஓடும் நேரத்தில் அது எங்கே நிற்கும் என்று சொல்லவியலாது. தரமான பவர் சப்ளையும் ஒரு யூ.பி.எஸ்.ஸும் இன்றியமையாதன. வீட்டில் இன்வர்ட்டர் உளதாயின், அதன் பின்புறத்தில் யூ.பி.எஸ். என்று குறித்த விசை இருப்பின் அந்நிலையில் வைத்தாற் பல வீடுகளிற் கணினி அணையாது நிற்கும். நில இணைப்பு உண்டா என்று எலக்ட்ரீசியனைக் கொண்டு பார்த்துவிடுதல் நலம். ஐப்பசி இடிக்கு முன் இதனைச் செய்க.

சேமிப்பைப் பற்றிச் சொல்லும்போது என் நெஞ்சம் கனக்கின்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகைக் கரையைத் தாக்கியபோது, மாண்டோருடன் அவர்தம் உருவப்படங்களும் போயின. சுவரில் மாட்டியிருந்த ஒரே படம். அதற்கு மறுபடி இல்லை. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரைகடந்தபோது கூரைகள் பறந்தன. மழைநீர் அலமாரிகளிற் புகுந்தது. ஆல்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நம் மாணாக்கர் பலர் இன்று தம் பாட்டனார் காலத்துப் படங்களை ஸ்கேன் செய்து, கறையும் கிழிசலும் நீக்கிப் புதுப்பிக்கின்றனர். திருத்தத்திற்கென்றே கணினி அமைப்பதற்கு இதனினும் சிறந்த காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆயின் அப்பணியெல்லாம் முடித்து ஒரே வட்டில் வைத்திருந்தால், ஒரே சுவரில் மாட்டியதற்கும் அதற்கும் யாது வேற்றுமை? வேலை செய்வதற்கு என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. ஒன்று, ஒரு டெராபைட்டு. வைத்துக் காப்பதற்கு நான்கு டெராபைட்டு ஹார்டு டிஸ்க் ஒன்று. அதன் மறுபடியாகப் புறவட்டு ஒன்று. அப்புறவட்டு வேறோர் ஊரில், கடலுக்கும் ஆற்றுக்கும் எட்டாத உறவினர் இல்லத்தில் இருத்தல் வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது அதனைப் புதுக்கிவரலாம். நூறு ரூபாய் செலவிடுவோர் திரைக்கு முப்பதும் சேமிப்பிற்கு இருபதும் ஒதுக்கிய பின்னரே மற்றவற்றை எண்ணுக என்பேன்.

கைப்பேசியே போதாதோ என்பார்க்கு ஒரு சொல். அதன் திரை சிறியது. படத்தை அழகாய்க் காட்டும்பொருட்டு நிறத்தை மிகுத்துக் காட்டுவது பலவற்றின் இயல்பு. நண்பர்க்கு அனுப்ப அது போதும். பாட்டியின் முகத்திலுள்ள கீறலை நீக்கப் போதாது. மடிக்கணினி பயணத்திற்கு ஏற்றது. ஆயினும் அதே பொருளுக்குத் தனித்திரையும் பெரிய நினைவகமும் கிட்டா. பழுதுற்றால் ஓர் உறுப்பை மட்டும் மாற்றவும் பலவற்றில் இயலாது. மென்பொருளுக்கு மாதந்தோறும் பணம் செலுத்த இயலாதார் கிம்ப், டார்க்டேபிள் ஆகிய இலவச மென்பொருள்களைக் கற்கலாம். 1996இல் முதன்முதல் வெளிவந்த கிம்ப், 2025இல் மூன்றாம் பெரும்பதிப்பைக் கண்டது. அவற்றைப் பயில்வது சற்றுக் கடினமே. இளமையிற் கடினத்திற்கு அஞ்சுவானேன்?

ஈற்றில், நம் கல்லூரித் தலைவர்க்கும் நூலகத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். திரை எவ்வளவு நல்லதாயினும் நாளடைவில் அதன் நிறம் மாறும். திரையின்மேல் வைத்து ஒளியையும் நிறத்தையும் அளந்து சீர்ப்படுத்தும் காலிபிரேட்டர் எனும் சிறு கருவியொன்று உளது. அதனை ஒரு மாணாக்கன் தனக்கென வாங்குவது மிகை. மாதத்திற்கு ஒருமுறை சில நிமிடமே அது பயன்படும். நூலகம் ஒன்றை வாங்கி, நூல்களைப்போல் இரண்டு நாள் தவணையில் இரவல் தருமாயின், கல்லூரியிலுள்ள அத்துணைத் திரைகளும் ஒரே நிறத்தைக் காட்டும்; இவ்வாண்டு மலரின் படங்களும் அச்சில் இருண்டு வாரா. பழைய மாணவர் சங்கத்தார் மனம்வைத்தால் வருகின்ற கல்வியாண்டின் தொடக்கத்திலேயே இது கைகூடும்.