பேனரில் வெளுத்துப்போன எங்கள் ஓட்டக்காரி

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சாவகாசமாகப் படியுங்கள். முட்டி வலியால் என் நடை குறைந்து எழுத்து கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை வெயிலில் ஒருநாள் ஷேர் ஆட்டோவில் சிட்கோ பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ரோட்டோரத்தில் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர். விளையாட்டுச் சாமான் கடை ஒன்றும் கோடைப் பயிற்சி முகாம் ஒன்றும் சேர்ந்து வைத்த விளம்பரம். ஒரு பெண்பிள்ளை ஓடுகிறாள். பின்னால் நீல வெளிச்சம், நெருப்புப் பொறி, எந்த நாட்டுடையதோ ஒரு ஸ்டேடியம். முகம் பாலில் கழுவியது மாதிரி வெள்ளை. யாரோ வடக்கத்தி மாடல் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள்தான், “நம்ம பக்கத்துப் பொண்ணுதான் டீச்சர், தெரியலையா?” என்றார்.

தெரியவில்லை. அவள் அம்மா என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். இந்தப் பிள்ளை நடக்கப் பழகியதே என் வீட்டுத் திண்ணையில்தான். தினமும் விடிகாலையிலும் பள்ளிக்கூடம் விட்ட பிறகும் லாரிப் புழுதிக்கு நடுவே ஓடுகிறவள். நல்ல கறுப்பு. இடது புருவத்தில் ஒரு வெட்டு, ஏழு வயதில் கல்லில் விழுந்தது. ரத்தத்தைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது நான்தான். பேனரில் அந்த வெட்டு இல்லை. நிறமும் இல்லை. முட்டியில் இருக்கும் காய்ப்பும் இல்லை. (அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள்.)

வீட்டுக்குப் போய் விசாரித்தேன். அம்மா, “நல்லாத்தானே இருக்கு டீச்சர். எல்லாரும் பளிச்னு இருக்கான்னு சொல்றாங்க” என்றாள். பிள்ளை வாயே திறக்கவில்லை. கிளம்பும்போது வாசல் வரை வந்து, “ஸ்கூல்ல எல்லாரும் ‘பேனர்ல இருக்கறது யாரு, உன் அக்காவா’ன்னு கேக்கறாங்க டீச்சர்” என்றாள். அதற்கடுத்த வாரம் சாயங்கால ஓட்டம் நின்றுவிட்டது. வெயில் தாழ்ந்தபிறகு போனால் போதுமாம், நிறம் இன்னும் மங்குகிறதாம். ஆளைப் போல இல்லாத படம் ஒன்றை மாட்டிவிட்டு, இப்போது அந்தப் படத்தைப் போல ஆளை மாற்றப் பார்க்கிறார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

கோபத்தோடு எழுதினால் தப்பாக எழுதுவேன் என்று, விளம்பரப் படம் எடுக்கும் ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவனைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தான். “கறுப்பா இருக்கறவங்களைப் படம் எடுக்கறது கஷ்டமாப்பா? அதனாலதான் வெளுக்கறீங்களா?” என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, “உங்க வீட்டு அம்மிக் குழவியை எடுத்துட்டு வாங்க டீச்சர்” என்றான்.

குழவியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி மேசையில் வைத்தான். ஜன்னலைச் சாத்தினான். செல்போன் டார்ச்சை நேர் எதிரே பிடித்தான். கறுப்பாக ஒரு கட்டி, அவ்வளவுதான். அதே டார்ச்சைப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் கொண்டுபோனான். குழவியின் வளைவு முழுக்க ஒரு வெள்ளி விளிம்பு ஓடியது; கல்லில் உளி பட்ட புள்ளி ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. வெளிச்சத்தின் அளவு அதேதான். வந்த திசை மட்டும்தான் வேறு.

பெரிய விளையாட்டு விளம்பரங்களில் செய்வதும் இதுதானாம். ஆளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நீளமான, துணி மறைத்த விளக்குப் பெட்டிகள். அவை தோளிலும் கையிலும் விளிம்பு போடும். மேலிருந்து ஒரு விளக்கு முகத்துக்கு. வெளிச்சம் தசையைக் குறுக்கே தடவிக்கொண்டு போவதால் மேடு பள்ளம் தெரியும். உடம்பு செதுக்கின மாதிரி ஆகிவிடும். தண்ணீரில் கிளிசரின் கலந்து தெளித்தால் வியர்வை. கறுத்த தோலில் இந்த ஒளி இன்னும் அழகாக நிற்கும், ஏனென்றால் பளபளப்பு அங்கேதான் எடுப்பாகத் தெரியும் என்றான். எனக்கு உடனே கோயில் ஞாபகம் வந்தது. எண்ணெய்க் காப்பிட்ட கருங்கல் மூலவரை நாம் எப்படிப் பார்க்கிறோம்? இருட்டுக் கருவறையில் ஒற்றை தீபத்தை அர்ச்சகர் பக்கவாட்டில் கொண்டுபோகும்போதுதான் மூக்கும் கன்னமும் உதடும் ஒவ்வொன்றாக வருகின்றன. கறுப்புக்கு விளக்குப் பிடிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால் விளக்கின் மேல் எனக்கு வழக்கு இல்லை. ஓடுகிறவளின் காலில் என்ன வலு இருக்கிறது என்பதை விளக்கு எடுத்துக் காட்டுகிறது. பிற்பாடு கம்ப்யூட்டரில் நடப்பதில்தான் பேச்சே. அதிலும் எல்லாமே தப்பில்லை. இங்கே கொஞ்சம் வெளிச்சம் கூட்டுவது, அங்கே கொஞ்சம் கருக்குவது, இவை அந்தக் கால இருட்டறையிலும் கையை வைத்து மறைத்துச் செய்தவைதான். அவன் தொழிலில் ஒரு வழக்கம் உண்டாம்: ஒரு வாரத்தில் தானாகப் போய்விடக்கூடியதை அழிக்கலாம், முகப்பரு, கொசுக்கடி இப்படி. ஆளோடு இருப்பதைத் தொடக்கூடாது. “ஆனா கிளையன்ட் கேட்டா தொடுவோம் டீச்சர்” என்று அவனே சொன்னான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வெளிநாட்டுக் கதை சொன்னான். 2007-இல் அமெரிக்க டென்னிஸ் வீரர் ஆண்டி ராடிக்கின் படத்தை ‘மென்ஸ் ஃபிட்னஸ்’ பத்திரிகை அட்டையில் போட்டது. கை இரண்டும் புடைத்துப் போயிருந்தன. வலது கையில் இருந்த மச்சத்தைக் காணோம். பார்த்துவிட்டு ராடிக்கே பகிரங்கமாகக் கிண்டலடித்தார், இந்தக் கை ரஃபேல் நடாலுக்குத்தான் சேர வேண்டும் என்று. அவர் பெரிய வீரர், உலகமே கேட்டுச் சிரித்தது. எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளை யாரிடம் போய்க் கிண்டலடிப்பாள்?

நிறத்தைக் கூட்டிக் குறைப்பதில் இன்னும் விஷமான கதையும் இருக்கிறது. 1994 ஜூனில், அமெரிக்கக் கால்பந்தில் பேர்பெற்ற ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கில் கைதானபோது, போலீஸ் எடுத்த ஒரே படத்தை ‘டைம்’, ‘நியூஸ்வீக்’ இரண்டு பத்திரிகைகளும் அட்டையில் போட்டன. நியூஸ்வீக்கில் படம் உள்ளபடி. டைமில் முகத்தைக் கருக்கியிருந்தார்கள். கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கியதால் குட்டு உடைந்தது. குற்றவாளி மாதிரிக் காட்ட வேண்டுமானால் கருக்கு, ஜெயித்தவள் மாதிரிக் காட்ட வேண்டுமானால் வெளுக்கு. கருவி ஒன்றுதான்.

நம்ம ஊர்ப் பையன் ஒருவரையும் சொல்ல வேண்டும். சென்னை அபினவ் முகுந்த், தமிழ்நாட்டு அணிக்கும் இந்தியாவுக்கும் ஆடிய தொடக்க ஆட்டக்காரர். 2017 ஜூலையில் இலங்கை காலேயில் நடந்த டெஸ்டில் 81 ரன் எடுத்தார். அடுத்த மாதமே ட்விட்டரில் ஒரு அறிக்கை போட்டார். சின்ன வயதிலிருந்து தன் நிறத்தைப் பற்றி ஜனங்கள் பேசிய பேச்சு, கூப்பிட்ட பட்டப்பெயர்கள். நாள் முழுக்க வெயிலில் ஆடுகிறவன் கறுப்பதில் எனக்கு வருத்தமே கிடையாது, பிடித்த வேலையைச் செய்வதால் வந்த நிறம் இது என்ற பொருளில் எழுதியிருந்தார். டெஸ்ட் மேட்ச் ஆடுகிறவரையே விடவில்லை பாருங்கள். அவர் ஆடிய ஆட்டங்களின் இடைவேளையில்தான் ஆண்களுக்கான வெளுப்பு கிரீம் விளம்பரமும் ஓடியது! 2014-லேயே இந்திய விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு மன்றம் விதி போட்டது, கறுத்த தோல்காரரை அழகற்றவராக, சோகமானவராகக் காட்டக் கூடாது என்று. 2020-இல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ தன் பெயரில் இருந்த ‘ஃபேர்’ஐ எடுத்துவிட்டு ‘க்ளோ’ போட்டுக்கொண்டது. பெயர் போனது. பழக்கம் நம் தெருமுனை ஃப்ளெக்ஸ் கடை வரை வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்த ஃப்ளெக்ஸ் கடைத் தம்பியிடமும் போய்ப் பேசினேன். கெட்டவன் இல்லை. சதுர அடிக் கணக்கில் காசு, ஒரு டிசைனுக்கு அரை மணி நேரம்கூடக் கிடையாது. முகத்தை வழுவழுப்பாக்க ஒரு பட்டன், நிறத்தைத் தூக்க இன்னொரு பட்டன். யார் படம் வந்தாலும் இரண்டையும் தட்டிவிடுகிறான். “பண்ணலைன்னா பேனர் டல்லா இருக்குன்னு திருப்பி அனுப்பறாங்க டீச்சர்” என்றான். படத்தில் இருக்கிறவரிடம் காட்டுவாயா என்று கேட்டேன். அப்படி ஒரு கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதே இல்லை போல, விழித்தான்.

நான் கேட்பது அதுதான். பிரான்சில் 2017 முதல், விளம்பர மாடல்களின் உடம்பைத் திருத்தினால் ‘திருத்திய படம்’ என்று எழுத வேண்டும். நார்வேயில் 2022 ஜூலை முதல் உடம்பின் அளவு, வடிவம், தோல் எதைத் திருத்தினாலும் விளம்பரத்தில் முத்திரை போட வேண்டும். நல்ல சட்டங்கள். இங்கே வந்தால் பேனர் மூலையில் எறும்பு அளவில் எழுதிவிட்டுப் போவார்கள். அதைவிட, அச்சுக்குப் போகும் முன் படத்தில் இருக்கிற பிள்ளையிடம் ஒரு தடவை செல்போனில் அனுப்பிக் காட்டுங்கள். இது நான்தான் என்று அவள் சொன்னால் அடியுங்கள். ஒரு நிமிஷ வேலை. உங்களில் கடை வைத்திருப்பவர்கள், அகாடமி நடத்துபவர்கள், அரசியலில் இருக்கும் இரண்டு மூன்று பேர், எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஊருக்கு உபதேசம் செய்கிறாளே, இவள் யோக்கியமா என்று கேட்பீர்கள். என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1980-களில் எனக்கு வரன் பார்த்தபோது பல்லாவரத்தில் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்தோம். அப்போது ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவின் மேல் சீவிய பென்சிலால் பொடிப்பொடியாகத் தடவுவார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் கருக்கும், பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். என் கன்னம் முழுக்கப் பென்சில்! பெண் பார்க்க வந்த அன்று மாமியார் காபி டம்ளரை வாங்கிக்கொண்டே, “போட்டோல வேற மாதிரி இருந்துதே” என்றார். என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வர இருபது வருஷம் பிடித்தது.

அந்த வலி தெரிந்தவள் பிற்பாடு என்ன செய்தாள்? 90-களில் ஒரு விளையாட்டு விழா. ஆண்டு மலருக்குக் குரூப் போட்டோ. நீளம் தாண்டுதலில் ஷீல்டு வாங்கியவன் ஒருவன். போட்டோகிராபர், “முன்னாடி கொஞ்சம் கலரா இருக்கற பசங்களை விடுங்க டீச்சர், வெளிச்சம் பத்தலை” என்றார். நான் மறுபேச்சில்லாமல் அவனைப் பின் வரிசைக்கு அனுப்பிவிட்டு, ஷீல்டை வாங்கி எதிலுமே ஜெயிக்காத வேறொரு பிள்ளை கையில் கொடுத்து முன்னால் நிற்க வைத்தேன். எனக்கு அப்போது அம்மிக் குழவிப் பாடம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. அவன் முகம் போன விதம் அன்றைக்கே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் செய்தேன். தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். நீ தாண்டினாய், ஷீல்டு உன்னுடையது, உன்னைப் பின்னால் நிறுத்தியது என் தப்பு. மன்னித்துக்கொள் ராஜா.

பேனர் விஷயம்: முகாம் முடிந்ததும் கழற்றிவிட்டார்கள். இப்போது அது எங்கள் தெருக்கோடியில் ஒரு ஆட்டுக் கொட்டகைக்குக் கூரை. வெயிலில் சாயம் போய்க்கொண்டிருக்கிறது. பிள்ளை போன திங்கட்கிழமையிலிருந்து மறுபடி சாயங்காலம் ஓட வருகிறாள். அம்மா இன்னும் குடையோடு மைதான ஓரத்தில் நின்று முனகிக்கொண்டுதான் இருக்கிறாள். நம் ஸ்டூடியோ பையன் அடுத்த மாதம் விளக்குப் பெட்டி இரண்டைக் கொண்டுவந்து அவளை ஒரு படம் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான், காசு வாங்காமல். புருவத்து வெட்டு கட்டாயம் தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு உதவி. நான் சொன்ன அந்த குரூப் போட்டோ என்னிடம் இருக்கிறது, ஆனால் பின் வரிசையில் முகங்களே தெரியவில்லை, ஒரே கறுப்புத் திட்டு. உங்களில் யாரிடமாவது நல்ல பிரதி இருந்தால் ஸ்கேன் செய்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.