கதை முடியச் சாகவேண்டுமா?

நாவல் வகுப்பொன்றில் பேச்சு 'அஞ்சலி' படத்தின் பக்கம் திரும்பியது. 1990இல் மணிரத்னம் இயக்கிய அப்படத்தில் மூளை வளர்ச்சி குன்றிய சிறுமி இறுதியில் இறந்துபோகிறாள். பள்ளிபாளையத்திலிருந்து வரும் மாணவியொருத்தி எழுந்து கேட்டாள்: "ஏனுங்கய்யா, அந்தப் பாப்பாவைச் சாகடிச்சாத்தான் கதை முடியுமுங்களா?" அவளுடைய தம்பிக்குப் பதினேழு வயது. விசைத்தறிக்குக் கிளம்புமுன் அம்மாதான் இன்றும் அவனுக்குச் சோறு ஊட்டுகிறார்.

அன்று நமக்கு விடை வரவில்லை. இப்போது சொல்கிறோம்: நம் வாசிப்பு அப்படித்தான் பழகியிருக்கிறது. நாம் படித்த கதைகள் பலவற்றில் இத்தகைய குழந்தை, தாயின் தியாகத்தை விளக்கவோ தந்தையின் பழைய பாவத்தை நினைவூட்டவோ வருகிறது. வேலை முடிந்ததும் இறந்துவிடுகிறது. 'படித்து அழுதேன்' என்று மதிப்புரை எழுதுகிறோம். அந்த அழுகைக்குள் ஒரு நிம்மதியும் இருப்பதை எழுதுவதில்லை.

இப்பழக்கம் நேற்று வந்ததன்று. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 28ஆம் பாட்டு, குருடு, கூன், ஊமை, செவிடு என எட்டு வகைப் பிறப்புகளைப் பயனற்றவை என்று அடுக்குகிறது. அரசனுக்கு அறம் சொல்ல அவ்வெட்டுப் பேரும் எடுத்துக்காட்டுகள். வகுப்பில் நாமும் அருஞ்சொற்பொருள் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறோம். 'மாற்றுத்திறனாளி' என்ற சொல் அரசாணைகளில் ஏறிவிட்டது. நம் வாசிப்பு மாறவில்லை.

இச்சமவெளியில் ஊர் ஒரு வீட்டைப் பார்த்து இரண்டு கேள்விகள் கேட்கும். 'பிள்ளை ஏன் இல்லை?' என்பது ஒன்று. 'பிள்ளை ஏன் இப்படி?' என்பது மற்றொன்று. முதல் கேள்வி திருச்செங்கோட்டுத் தம்பதியரை எப்படித் துளைக்கிறது என்பதைப் பெருமாள்முருகன் 'மாதொருபாக'னில் (2010) எழுதினார். அதற்காக அவர் பட்டதும் நாம் அறிந்ததே. இரண்டாம் கேள்வியை வாழ்நாள் முழுக்கச் சுமக்கும் குடும்பத்தை அதே விரிவுடன் எழுதிய கொங்கு நாவலொன்று நம் வாசிப்பில் இன்னும் தட்டுப்படவில்லை.

'ஏழாம் உலகம்' (2003) உண்டே எனலாம். உண்டு; பெரிய நாவல்தான். உடற்குறையுள்ளோருக்கு அதில் கேலியும் சிரிப்பும் கோபமும் வாய்த்தன. ஜெயமோகனுக்கு அதன்பொருட்டு நன்றி சொல்லவேண்டும். ஆனால் அது அவர்களை 'உருப்படி'களாக விற்கும் தொழிலின் கதை. ஒரு வீட்டில் இருபது ஆண்டுகள் வளர்வதன் கதை அன்று.

"இலக்கியம் நலத்துறை அறிக்கை அன்று" என்று நண்பர்கள் சிலர் மறுக்கிறார்கள். நாமும் அறிக்கை கேட்கவில்லை. 1964இல் வெளிவந்த, ஆங்கிலத்தில் 'எ பெர்சனல் மேட்டர்' எனப்படும் கென்சாபுரோ ஓஏவின் நாவலைப் படித்துப் பாருங்கள். அதன் நாயகன் நல்லவனல்லன். தலையில் கட்டியோடு பிறந்த மகன் இறந்தொழிய வேண்டுமென்று காத்திருக்கிறான்; ஆப்பிரிக்காவுக்கு ஓடிப்போகும் கனவில் வரைபடங்கள் வாங்குகிறான். முந்தைய ஆண்டுதான் ஓஏவுக்கு அப்படியொரு மகன் பிறந்திருந்தான். அவமானகரமான அந்த விருப்பத்தை எழுதத் துணிந்ததனால்தான், இறுதியில் நாயகன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்புவதை நாம் நம்புகிறோம். பின்னர் வந்த பல நாவல்களிலும் ஓஏ அம்மகனோடுதான் இருந்தார். மகன் ஹிகாரி இசையமைப்பாளர் ஆனார். ஆகாமல் போயிருந்தாலும் அந்நாவல்களின் மதிப்புக் குறையாது.

இன்னொன்றும் மறக்கிறோம். இத்தகைய பிள்ளைகள் நமக்குக் கதைப்பொருள் மட்டுமல்லர், வாசகர்களும்கூட. சேலத்தில் தசைச்சிதைவு நோயோடு வாழ்ந்து, தம்மைப் போன்றோருக்காக ஆதவ் அறக்கட்டளையை நிறுவிய வானவன் மாதேவியும் இயலிசை வல்லபியும் தீவிர இலக்கிய வாசகர்கள். வானவன் மாதேவி 2017இல் மறைந்தார். அவர் படிக்கும் மேசையில் வைக்கத்தக்க நாவல் எத்தனை நம்மிடம் இருந்தன? இரக்கம் காட்டும் நாவலை அவரிடம் நீட்ட நமக்குக் கை வந்திருக்குமா?

எனவே இனி இவ்வகை நாவலை மதிப்பிடும்போது 'அழ வைத்ததா' என்று கேட்பதை விட்டுவிடுவோம். அக்குழந்தைக்குப் பிடித்த உணவு எதுவென்று நாவலுக்குத் தெரிகிறதா? அதற்கு எப்போது கோபம் வரும்? 'எனக்குப் பின்னால் யார் பார்ப்பார்?' என்ற தாயின் கேள்வியை, மரணத்தைக் கொண்டு வாயடைக்காமல், கடைசிப் பக்கம்வரை திறந்து வைத்திருக்கிறதா? இவற்றைக் கேட்போம். அந்த மாணவிக்கு நாம் கடன்பட்டிருப்பது அத்தகைய ஒரு நாவல். அவள் தம்பிக்கு அடுத்த ஆண்டு பதினெட்டு.