கணக்கு எண் இரண்டும் அரிசோனாவும்

தம்பி மகன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். பொங்கலுக்கு எங்கள் ஊரான பிரம்மதேசம் வந்தவன் கேட்டான்: "பெரியப்பா, அமெரிக்காவுல ஒரு மாநிலம் குடியேறுனவங்களுக்கு எதிரா சட்டம் போட்டா, பக்கத்து மாநிலத்து மாநகராட்சி 'உன்கிட்ட ஒண்ணும் வாங்கமாட்டோம்'னு தீர்மானம் போடுது. நம்ம பஞ்சாயத்துங்க மட்டும் ஏன் டெல்லிக்கு மனு எழுதறதோட நிறுத்திக்குது?"

ஊராட்சிச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தீர்மானப் புத்தகம் எழுதி எழுதித் தேய்ந்த கை. "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்ற வரியைத் தூக்கத்தில்கூட எழுதுவேன். அதனாலேயே அவன் கேள்விக்கு உடனே தலையாட்ட முடியவில்லை.

ஒரு ஊராட்சி என்னதான் வாங்குகிறது? பிளீச்சிங் பவுடர், பிவிசி பைப், தெருவிளக்கு பல்பு. போர் மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டும் கூலி. என் காலத்தில் வங்கியில் மூன்று கணக்கு. முதல் கணக்கு பொதுநிதி. இரண்டாவது கரண்ட் பில்லுக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும். மூன்றாவது திட்டப்பணம். இரண்டாம் கணக்கில் கைவைக்கவே முடியாது. கரண்ட் போனால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது, ஊரே ஆபீஸ் வாசலில் நிற்கும்.

தம்பி மகன் சொன்ன மாநகராட்சி லாஸ் ஏஞ்சலிஸ். அதன் கதையைப் படித்தபோது இந்த இரண்டாம் கணக்குதான் நினைவுக்கு வந்தது. 2010 ஏப்ரலில் அரிசோனா மாநில ஆளுநர் ஜேன் புரூவர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வேறு ஏதோ காரணத்துக்காகப் போலீஸ் ஒருவரை நிறுத்தும்போது, முறையான ஆவணமில்லாமல் நாட்டில் இருப்பவரோ என்று சந்தேகம் வந்தால் அதையும் விசாரிக்க வேண்டும் என்றது அது. தோல் நிறத்தைப் பார்த்துத்தான் சந்தேகம் வரும் என்று மற்ற மாநிலத்து நகரங்கள் கொதித்தன. மே 12 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் மாநகர மன்றம் 13க்கு 1 என்ற கணக்கில் அரிசோனாவைப் புறக்கணிக்கத் தீர்மானித்தது. சுமார் 80 லட்சம் டாலர் ஒப்பந்தங்கள் பாதிக்கப்படலாம் என்றார்கள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, அரிசோனாவில் மின்சாரம் போன்ற பொதுச் சேவைகளை ஒழுங்குபடுத்தும் ஆணையத்திலிருந்த கேரி பியர்ஸ் என்பவர் மேயருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். உங்கள் நகரத்து மின்சாரத்தில் கால்வாசி எங்கள் மாநிலத்து நிலையங்களிலிருந்து வருகிறது, அதையும் புறக்கணிப்பதாக இருந்தால் உதவத் தயார் என்ற தோரணையில். லாஸ் ஏஞ்சலிஸ் மின்சாரத்தைத் தொடவில்லை. சிவப்பு விளக்கைத் தாண்டும் வண்டிகளைப் படம்பிடிக்கும் கேமரா நிறுவனம் அரிசோனாக்காரர்களுடையது. அதற்கும் விலக்கு கொடுத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தாலும், அந்த மன்றத்தை நான் இளப்பமாக நினைக்கவில்லை. சொந்தப் பையில் கைவிட்டுப் பார்த்தார்கள், எது எடுக்க முடிகிறது எது முடியவில்லை என்று ஊருக்கே தெரிந்துபோனது. நம் தீர்மானங்களில் அதுகூட நடப்பதில்லை.

2011 ஜூன் 8 அன்று நம் சட்டமன்றம் இலங்கை மீது பொருளாதாரத் தடை விதிக்கக் கோரியது. 2013 மார்ச் 27 அன்று மறுபடியும் கோரியது. இலங்கையை நட்பு நாடு என்று சொல்வதையே நிறுத்தச் சொன்னது. இரண்டிலும் கேட்டது மத்திய அரசிடம்தான். வெளிநாட்டு உறவும் வெளிநாட்டு வணிகமும் ஒன்றியப் பட்டியலில் இருப்பதால் வேறு வழியில்லை என்பார்கள், சரிதான். அமெரிக்காவிலும் பர்மாவோடு தொழில் செய்யும் நிறுவனங்களை ஒதுக்க மாசசூசெட்ஸ் மாநிலம் 1996இல் போட்ட சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2000இல் செல்லாது என்றது. ஆனால் நம் கைக்கு எட்டிய இடத்தில் நாம் என்ன செய்தோம்? 2012இல் பந்தாட வந்த இலங்கைப் பள்ளிப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினோம். மறு ஆண்டு ஐபிஎல்லில் இலங்கை வீரர் யாரும் சேப்பாக்கத்தில் ஆட முடியவில்லை. சென்னை அணியே எடுத்திருந்த குலசேகராவுக்கும் அதே கதி. 2009 இலங்கைப் போரில் குண்டு போட உத்தரவிட்டவர்களுக்கு இதனால் ஒரு வேளைச் சோறு குறைந்திருக்குமா?

பொருளாதாரப் புறக்கணிப்பே வீண் என்று நான் சொல்லவில்லை. 1946இல் தென்னாப்பிரிக்கா, இந்திய வம்சாவளியினர் நிலம் வாங்குவதைத் தடுத்துச் சட்டம் போட்டபோது, சுதந்திரம்கூட வராத இந்தியா அந்த நாட்டோடு வணிகத்தையே அறுத்தது. உலகில் முதலில் செய்தது நாம்தான். அங்கே ஏற்றுமதியான சரக்குக்கு விழுந்த அடியை இங்கிருந்தவர்கள் தாங்கினார்கள். நேட்டால் கரும்புக் காட்டுக்குக் கப்பலேறியவர்களில் எங்கள் பழைய தென்னார்க்காட்டு ஆட்களும் உண்டு. வலிப்பது யாருக்கு என்று பார்த்தால் போதும், எது புறக்கணிப்பு, எது வெறும் வீராப்பு என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இதே அளவுகோலோடு இனி குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான தீர்மானங்களுக்கு வருவோம். 2019 டிசம்பரில் வந்த சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்தவர்களில் முஸ்லிம் அல்லாத ஆறு மதத்தாருக்கு வழி திறந்தது. இலங்கை அதில் இல்லை. 2020 குடியரசு தின கிராம சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் போட வேண்டும் என்று மாநிலம் முழுக்கப் பேச்சு. எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலோ உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. மாவட்டம் பிரிந்ததால் தள்ளிப்போய், 2021 அக்டோபரில்தான் தலைவர்கள் வந்தார்கள். அதுவரை செக்கில் தனி அலுவலர் கையெழுத்து. தலைவர்கள் வருவதற்கு ஒரு மாதம் முன்னால், செப்டம்பர் 8 அன்று, சட்டமன்றமே அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறக் கேட்டது. 2024 மார்ச்சில் டெல்லி விதிகளை வெளியிட்டுவிட்டது.

பிரம்மதேசத்திலிருந்து மரக்காணம் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி பக்கம் திரும்பினால் கீழ்புத்துப்பட்டு. அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 2021இல் அரசு இந்தப் பெயரை வைத்து, மாநிலம் முழுவதும் முகாம்களுக்கு 317 கோடி ரூபாய் அறிவித்தது. பாதி நாள் தீர்மானம் போடுவதைவிட இது மேல் என்பது என் கட்சி. ஆனாலும் ஒரு குறை அப்படியே கிடக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் கிராம சபை உறுப்பினர். குடியுரிமை இல்லாதவருக்குப் பட்டியலில் பெயர் ஏது? முகாமிலேயே பிறந்து, நம் பள்ளியில் படித்து, பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறவர், தன் குடியுரிமை பற்றிய தீர்மானத்துக்குக்கூட அங்கே கை தூக்க முடியாது.

தம்பி மகனுக்கு நான் சொன்ன யோசனை இதுதான். பிளீச்சிங் பவுடரை எந்த மாநிலத்தில் வாங்குவது என்று யோசிக்காதே. முகாம் இருக்கும் ஊராட்சிகள் எல்லாம் அடுத்த கிராம சபைக்கு முகாம்காரர்களை அழைத்து முன்வரிசையில் உட்கார வைக்கட்டும். அவர்கள் கேட்பதைப் பொருள் எண் போட்டு எழுதட்டும். கூடவே, முதல் கணக்கிலிருந்து முகாமுக்காக என்ன செலவு செய்யப் போகிறோம் என்று தொகையோடு எழுதட்டும். தொகை இல்லாத வரியை எழுத வேண்டாம். ஊராட்சித் தீர்மானத்தை ரத்து செய்யும் அதிகாரம் ஊராட்சிகளின் ஆய்வாளரான கலெக்டருக்கு உண்டு. இதை ரத்து செய்தால் என்ன காரணம் எழுதுவார் என்று படித்துப் பார்க்க எனக்கு ஆசை.