புள்ளிக் கணக்கு நம் நோட்டிலும் இருக்கட்டும்

சுங்கை ரம்பாயிலிருந்து கேஎல்ஐஏ விமான நிலையத்துக்குக் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நம் பெற்றோர் காலத்தில் அந்தப் பயணம் வாழ்க்கையில் ஓரிரு முறை நடந்தால் பெரிய விஷயம். இன்று நம் பிள்ளைகள் வேலை விஷயமாக மாதத்துக்கு இரண்டு முறைகூடப் பறக்கிறார்கள். சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் சாங்கியிலிருந்து கிளம்புகிறார்கள். பறக்கும்போது புள்ளி சேர்கிறது. விடுதியில் தங்கினால் இரவுக் கணக்கு ஏறுகிறது. வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று உறுப்பியத் தகுதியும் உயர்கிறது.

இந்தத் தகுதியை வெறும் பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் தங்கத் தகுதி பெற்றவர், சென்னைக்குப் போய்வரும்போது கூடுதலாக 20 கிலோ பெட்டி கொண்டுவரலாம். கல்யாணச் சேலை எடுக்கப் போகும் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால், 12 மாதத்துக்குள் 50,000 தகுதி மைல் சேர்த்தால்தான் அந்தத் தங்கம் கிடைக்கும். மேரியட் விடுதிகளில் தங்கத் தகுதிக்கு ஓர் ஆண்டில் 25 இரவு, பிளாட்டினத்துக்கு 50 இரவு. எல்லையில் நிற்பவருக்கு ஒரே ஒரு பயணம் கணக்கில் ஏறாவிட்டாலும் தகுதி கைநழுவிவிடும்.

என் அக்கா மகளுக்கு அப்படித்தான் ஆகவிருந்தது. பொறியியலாளரான அவள், ஆண்டுக் கடைசியில் தன் கணக்கைத் திறந்து பார்த்தபோது ஒரு பயணத்தைக் காணவில்லை. காரணம், நம்மவர்களுக்கே உரிய பெயர்ச் சிக்கல். கடப்பிதழில் பெயருக்கு நடுவே 'ஏ/பி' இருக்கிறது. விமானச் சீட்டிலோ சாய்கோடு என்பது குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிக்கும் குறி. அதனால் அது சில சீட்டுகளில் 'ஏபி' என்று ஒட்டிக்கொள்கிறது, சிலவற்றில் விடுபட்டே போகிறது. உறுப்பிய அட்டையில் ஒரு மாதிரியும் சீட்டில் வேறு மாதிரியும் பெயர் இருந்ததால் கணினி அந்தப் பயணத்தைச் சேர்க்கவில்லை. வாடிக்கையாளர் சேவையில் முதலில் "எங்கள் பதிவில் அப்படி எதுவும் இல்லையே" என்றார்கள். அவளிடம் பதிவு இருந்தது. தேதி, விமான எண், சீட்டு எண் மூன்றையும் எழுதி அனுப்பினாள். இரண்டு வாரத்தில் கணக்குச் சரியானது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. பால்மரம் வெட்டி முடித்து, ஸ்டோரில் பால் நிறுக்கும்போது கிராணி தம் புத்தகத்தில் எடையை எழுதிக்கொள்வார். என் அப்பா வீட்டுக்கு வந்ததும் அதே எடையை நாள்காட்டியில் குறித்து வைப்பார். அப்பாவுக்குக் கிராணிமேல் சந்தேகம் எதுவும் கிடையாது. சம்பள நாளில் பேச்சு வந்தால் காட்டுவதற்கு நம் கையிலும் ஒரு கணக்கு வேண்டும் என்பார், அவ்வளவுதான்.

விமானப் புள்ளிக்கும் அதே முறை போதும். ஒரு நோட்டுப் புத்தகம், அல்லது நம் கணினியிலேயே இருக்கும் ஓர் எக்செல் பட்டியல். பயணத்துக்கு ஒரு வரி. தேதி, விமான எண், புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், கட்டண வகுப்பைக் காட்டும் ஓர் எழுத்து, 13 இலக்கச் சீட்டு எண் ஆகியவற்றை எழுதுங்கள். அந்தச் சீட்டு எண்ணின் முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைக் குறிக்கும். மலேசியா ஏர்லைன்ஸ் என்றால் 232, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்றால் 618. கட்டண வகுப்பு எழுத்தும் முக்கியம். ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்த இருவருக்கு வெவ்வேறு புள்ளி கிடைப்பது அதனால்தான். கடைசியில் இரண்டு கட்டம் விடுங்கள். ஒன்றில் வர வேண்டிய புள்ளி, மற்றதில் அது கணக்கில் ஏறிய தேதி. ஒரு மாதமாகியும் இரண்டாம் கட்டம் காலியாக இருந்தால் உடனே கேளுங்கள். விடுபட்ட புள்ளியைக் கேட்பதற்குச் சில மாதக் கெடுதான் இருக்கும்.

விடுதிக்கும் ஒரு வரி. சேர்ந்த நாள், கிளம்பிய நாள், பில் எண், எதன் வழியாகப் பதிவு செய்தோம் என்பது. அகோடா போன்ற இடைத்தளங்களில் பதிவு செய்த இரவுகளைப் பெரிய விடுதிக் குழுமங்கள் பொதுவாகத் தகுதிக் கணக்கில் சேர்ப்பதில்லை. இது தெரியாமல் இருபது இரவு தங்கிவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

"இதற்கெல்லாம் செயலி இருக்கிறதே, அங்கிள்?" என்று இளைஞர்கள் கேட்பார்கள். இருக்கிறது. அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டு தொடங்கிய அவார்ட் வாலட் அவற்றில் பெயர் பெற்றது. எல்லா நிறுவனத்துப் புள்ளியையும் ஒரே திரையில் காட்டும். அதற்காக ஒவ்வொரு கணக்கின் கடவுச்சொல்லையும் அதனிடம் கொடுக்க வேண்டியிருந்தது. 2011 வாக்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் சவுத்வெஸ்ட்டும் தங்கள் கணக்குகளுக்குள் நுழையக் கூடாது என்று அதைத் தடுத்தன. வேறு சில செயலிகள் கடவுச்சொல்லுக்குப் பதிலாக நம் மின்னஞ்சல் பெட்டியைப் படிக்க அனுமதி கேட்கும். அந்தப் பெட்டியில் விமானச் சீட்டு மட்டுமா இருக்கிறது? வங்கிக் கடிதம், வருமான வரி, பிள்ளைகளின் பள்ளி விவரம் எல்லாம் அங்கேதான். பத்து வரிக் கணக்கைச் சரிபார்க்க அலமாரிச் சாவியையே கொடுத்துவிடலாமா?

புள்ளித் திட்டங்களில் இருக்கும் விவரம் கசியாது என்றும் எண்ணிவிட வேண்டாம். மலேசியா ஏர்லைன்ஸின் என்ரிச் உறுப்பினர்களுக்கு 2021 மார்ச்சில் ஒரு மின்னஞ்சல் வந்தது. 2010 மார்ச் முதல் 2019 ஜூன் வரை பதிவான உறுப்பினர் விவரங்கள், வெளி நிறுவனம் ஒன்றின் கணினி வழியாகக் கசிந்திருந்தன. பெயர், பிறந்த தேதி, தொடர்பு விவரம் ஆகியவற்றோடு தகுதி நிலையும் அதில் இருந்தது. அதே காலத்தில் சீட்டா என்ற விமானத் தகவல் நிறுவனத்தில் நடந்த ஊடுருவலில், ஏறக்குறைய 580,000 கிரிஸ்ஃபிளையர் உறுப்பினர்களின் எண்ணும் தகுதியும் வெளியே போயின. இத்தனைக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அந்தச் சேவையின் வாடிக்கையாளரே அல்ல. நம் தங்க அட்டை வேறு விமான நிறுவனத்திலும் செல்ல வேண்டுமானால், நம் தகுதி விவரம் ஸ்டார் அலையன்ஸ் கூட்டாளிகளுக்கும் போக வேண்டும். அப்படிப் போன இடத்தில்தான் கசிந்தது. மேரியட் 2018 நவம்பரில் அறிவித்த கசிவில், மறையாக்கம் செய்யப்படாத கடப்பிதழ் எண்கள் மட்டுமே 50 லட்சத்துக்கும் மேல்.

இதற்காகப் பயந்து உறுப்பியத்தையே விட வேண்டியதில்லை. கொடுப்பதைக் குறைத்துக்கொண்டால் போதும். புள்ளித் திட்டங்களுக்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு கடவுச்சொல் போடுங்கள். கட்டாயமில்லாத கட்டங்களைக் காலியாக விடுங்கள். நம் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கமே பிறந்த தேதிதான் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் நோட்டிலும் கடவுச்சொல், கடப்பிதழ் எண், வங்கி அட்டை எண் எதையும் எழுதாதீர்கள். அந்த நோட்டு தொலைந்தாலும் கண்டெடுத்தவருக்குப் பயன்படக் கூடாது.

இன்னொன்று, போர்டிங் பாஸைப் படம் பிடித்து முகநூலில் போடும் ஆசை. அதிலுள்ள பட்டைக் குறியீட்டில் பெயர், ஆறு எழுத்து முன்பதிவுக் குறி, பெரும்பாலும் உறுப்பிய எண்ணும் இருக்கும். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபோட் 2020-இல் தம் போர்டிங் பாஸை இன்ஸ்டாகிராமில் போட்டார். அதிலிருந்த முன்பதிவுக் குறியை வைத்தே ஓர் இளைஞர் அவருடைய கடப்பிதழ் எண்ணையும் தொலைபேசி எண்ணையும் கண்டுபிடித்துவிட்டார். நல்லவேளையாக அவர் அதை உரியவர்களிடம் தெரிவித்தார். எல்லாரும் அப்படி இருப்பார்களா? புள்ளி ஏறும் வரை போர்டிங் பாஸைப் பத்திரமாக வைத்திருங்கள், ஏறியதும் கிழித்துப் போடுங்கள்.

சட்டமும் நமக்குத் துணையாக இருக்கிறது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நம்மைப் பற்றி என்ன விவரம் வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்கலாம். பொதுவாக 21 நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். தவறான விவரத்தைத் திருத்தும்படியும் கேட்கலாம். 'ஏ/எல்', 'ஏ/பி' குழப்பத்துக்கு இது நேரடியாக உதவும். 2025 ஜூன் 1 முதல், பெரிய கசிவு நடந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்பதும் கட்டாயமாகிவிட்டது.

தீபாவளிக்குச் சீட்டு எடுக்கும் காலம் நெருங்கும்போது, வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் உறுப்பியப் பெயரையும் கடப்பிதழோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். சாய்கோடு எங்கே விடுபட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். முதல் வேலை அதுதான். மற்றதெல்லாம் பயணத்துக்கு ஒரு வரி எழுதினாலே போதும்.