ஸ்கூட் என்றொரு நல்ல சொல்



தென்காசியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகன் போனில் நண்பனிடம், ‘ரிவர்ல செத்துட்டேன்டா’ என்று சொன்னது காதில் விழுந்ததாம். அருவிக்கரை ஊர்க்காரர்களுக்கு அந்த இரண்டு சொல்லும் சேர்ந்து வந்தால் வயிறு கலங்கத்தானே செய்யும்? பதறிப்போய் விசாரித்தால், ‘அது சீட்டும்மா’ என்று சிரித்தானாம். ‘இந்தப் பாஷையைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்களேன்’ என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

சொல்கிறேன் அம்மா. எனக்கு அந்தப் பாஷை பிடிபட்டதே உங்கள் ஊர்ப் பக்கத்தில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதம். குளிக்கலாம் என்று குற்றாலம் போய் இறங்கினால், பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டுகிறது. ஐந்தருவியிலும் அதே கதை. போலீஸ்காரர்கள் கயிறு கட்டி நிற்கிறார்கள். எண்ணெய் தேய்த்த தலையோடு கூட்டம் விடுதிகளுக்குத் திரும்பியது. அருவி மூடினால் குற்றாலத்தில் சீட்டுக்கட்டு திறக்கும். நான் தங்கிய விடுதி வராந்தாவில் பாய் விரித்து நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ‘ஒரு கை குறையுது, வாரீயளா?’ என்றார் ஒரு பெரியவர். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி வியாபாரம். எல்லோருக்கும் அண்ணாச்சி. பணம் வைக்காத ஆட்டம். தோற்றவர் ராத்திரி பிரானூர் பார்டரில் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தர வேண்டும். நான் உட்கார்ந்தேன்.

‘கை’ என்றால் ஆள். அங்கே கற்ற முதல் சொல் அது. ரம்மிக்கு இரண்டு கட்டைச் சேர்த்துக் கலைத்து, ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு போடுவார்கள். ஜோக்கர் ஒட்டாமல், ஒரே சாதியில் வரிசையாக மூன்றோ நாலோ சேர்ந்தால் அது ‘ஒரிஜினல்’. சிலர் ‘லைஃப்’ என்பார்கள். பொருத்தமான பெயர்தான். அது கையில் இல்லாவிட்டால் மற்ற சீட்டெல்லாம் எவ்வளவு அழகாகச் சேர்ந்திருந்தாலும் செல்லாது; எதிராளி முடித்துவிட்டால் கையிலுள்ள அத்தனை சீட்டின் எண்ணிக்கையும் நம் தலையில் விழும். அந்த எண்ணிக்கைக்குப் பெயர் ‘கவுண்ட்’. எவ்வளவு கூடினாலும் 80-க்கு மேல் ஏறாது, அதுதான் ‘ஃபுல்’. எல்லாம் சேர்ந்து ஆட்டத்தை முடிப்பது ‘டிக்’ அடிப்பது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அண்ணாச்சி விரலை உயர்த்தினார். ‘இதெல்லாம் பெறவு, தம்பி. மொதல்ல ஸ்கூட்டைப் படிச்சுக்கிடுங்க.’

சீட்டு போட்டு முடிந்ததும் கையைப் பார்க்கிறோம். உருப்படியாக ஒன்றும் இல்லை. முதல் சீட்டு எடுப்பதற்கு முன்பே கவிழ்த்து வைத்துவிட்டு ‘ஸ்கூட்’ என்று சொல்லிவிடலாம். கவுண்ட் 101-ஐத் தொட்டவர் வெளியேறும் ‘101’ ஆட்டத்தில் அதற்கு 20 கவுண்ட். இரண்டு சுற்று ஆடிப் பார்த்துவிட்டு விலகினால் ‘மிடில் ஸ்கூட்’, அதற்கு 40. கடைசிவரை பிடிவாதமாக இருந்து மாட்டினால் ஃபுல், 80. ஊருக்கு ஊர் கணக்கு கொஞ்சம் மாறும், தத்துவம் மாறாது: எவ்வளவு சீக்கிரம் எழுகிறோமோ அவ்வளவு குறைவாகப் போகும். ‘ஸ்கூட் விட்டா யாரும் சிரிக்க மாட்டாங்க. சிரிச்சா அவன் புதுசுன்னு அர்த்தம்’ என்றார் அண்ணாச்சி.

சீட்டுச் சாதிகளின் பெயரைப் பற்றியும் ஒரு சங்கதி. ஆர்ட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட் என்று நாம் வாய் கூசாமல் சொல்கிறோம். ஆங்கிலத்தில் கிளாவருக்குப் பெயர் கிளப். பிறகு கிளாவர் எங்கிருந்து வந்தது? டச்சு மொழியில் அந்தச் சீட்டின் பெயர் ‘கிளாவர்’. ஆர்ட்டின் அவர்களுக்கு ‘ஹார்ட்டன்’. 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தவர்கள் டச்சுக்காரர்கள். இஸ்பேட் அதற்கும் முந்தைய விருந்தாளி: போர்த்துகீசியத்தில் ‘எஸ்பாடா’ என்றால் வாள். இலங்கைத் தமிழர் அதே சீட்டை இஸ்கோப்பன் என்பார்கள். அது டச்சுக்காரரின் ‘ஸ்கோப்பன்’. துருப்புச் சீட்டின் ‘துருப்பு’க்கோ போர்த்துகீசியம், டச்சு, ஆங்கிலம் மூன்றிலும் சொந்தக்காரர்கள் உண்டு. வந்தவர்கள் கோட்டையை விட்டுவிட்டுப் போனார்கள், சீட்டை நம்மிடம் தந்துவிட்டுப் போனார்கள்.

பாயில் இருந்த இன்னொருவர் செங்கோட்டைக்காரர். அவருக்கு ரம்மி இரண்டாம்பட்சம், ‘இருபத்தெட்டு’தான் உயிர். கேரளத்து ஆட்டம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திரு-கொச்சி என்று அந்தப் பக்கத்துக் கணக்கில் இருந்த ஊர்தானே. அதில் ராஜா, ராணிக்கு மதிப்பே கிடையாது. சேவகனான ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. சாதிக்கு 7, நாலு சாதிக்கு 28. ‘ராசா சும்மா, வேலக்காரன் பெருசு. இப்படி ஒரு ஆட்டம் உண்டா வே!’ என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது.

இனி உங்கள் மகனின் பாஷைக்கு வருகிறேன் அம்மா. அதைச் சொல்லித்தந்தவன் அண்ணாச்சியின் அக்காள் மகன். சென்னையில் வேலை. பாயில் உட்காராமல் தூணில் சாய்ந்து போனில் போக்கர் ஆடிக்கொண்டிருந்தான். ‘என்ன மருமவனே அது?’ என்று மாமா கேட்க, அவன் உற்சாகமாக ஆரம்பித்தான்.

ஆளுக்கு இரண்டு சீட்டு ரகசியமாக. நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக. அந்த ஐந்தில் முதல் மூன்றைச் சேர்த்துத் திறப்பது ‘ஃப்ளாப்’. நாலாவது ‘டர்ன்’. ஐந்தாவது, கடைசி, ‘ரிவர்’. ஏழிலிருந்து நல்ல ஐந்தைச் சேர்ப்பவருக்கு நடுவில் குவிந்த பணம். அந்தக் குவியல் ‘பாட்’. அதுவரை முன்னால் இருந்தவர் கடைசிச் சீட்டில் கவிழ்வதுதான் ‘ரிவரில் சாவது’. ஜெயிக்க வேண்டிய கை அப்படித் தோற்றால் ‘பேட் பீட்’.

ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. யாரும் பணம் கட்டாதபோது, ‘நானும் இப்போது கட்டவில்லை, ஆட்டத்தில் இருக்கிறேன்’ என்பது ‘செக்’. அடுத்தவர் கட்டியதற்குச் சமமாகக் கட்டுவது ‘கால்’. கூட்டிக் கட்டுவது ‘ரெய்ஸ்’. கையிலுள்ளதை எல்லாம் நடுவில் தள்ளுவது ‘ஆல் இன்’. விலகுவது ‘ஃபோல்டு’. ‘ஃபோல்டுன்னா நம்ம ஸ்கூட்டு’ என்று அண்ணாச்சி உடனே பிடித்துக்கொண்டார்.

இல்லாத சீட்டை இருப்பதுபோல் காட்டுவது ‘ப்ளஃப்’. (‘சவடால்னு சொல்லு!’) கண்ணோ விரலோ நடுங்கி நம் கையைக் காட்டிக்கொடுத்தால் அது ‘டெல்’. தெரியாமல் ஆடி எல்லோருக்கும் இரையாகிறவன் ‘ஃபிஷ்’. அந்த நேரத்தில் யாராலும் வெல்ல முடியாத கை ‘நட்ஸ்’. முதல் இரண்டு சீட்டும் ஆசாக வந்தால் ‘பாக்கெட் ராக்கெட்’. 221 தடவையில் ஒரு தடவை வரும். பத்திலிருந்து ஆசு வரை ஒரே சாதியில் ஐந்து சீட்டு ‘ராயல் ஃப்ளஷ்’; ஐந்து சீட்டு எடுத்தால் 6,49,740-இல் ஒரு தடவை. ஆசும் எட்டும் இரண்டிரண்டாக வந்தால் ‘இறந்தவன் கை’. 1876-இல் அமெரிக்காவின் டெட்வுட் ஊரில் சீட்டாடிக்கொண்டிருந்தபோது சுடப்பட்ட வைல்டு பில் ஹிக்காக் அந்தச் சீட்டுகளைத்தான் பிடித்திருந்தார் என்பது கதை.

நம்மூர் மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள் இடறும் இடங்கள் இரண்டு. மூணு சீட்டில் ‘பிளைண்ட்’ என்றால் சீட்டைப் பார்க்காமலே கட்டுவது. போக்கரில் அது சீட்டு போடும் முன்பே குறிப்பிட்ட இருவர் கட்டாயமாக வைக்க வேண்டிய பணம். அடுத்தது, மூணு சீட்டில் கலரை, அதாவது எல்லாம் ஒரே சாதியாக வரும் கையை, வரிசை வெல்லும். போக்கரில் வரிசையைக் கலர் வெல்லும். காரணம் எண்ணிக்கைதான். மூன்று சீட்டில் வரிசை சேர்வது அரிது. ஐந்து சீட்டில் கலர் சேர்வது அரிது. அரிதானதற்கு மதிப்பு.

கடைசியாக அவன் சொன்ன சொல் ‘டில்ட்’. பழைய பின்பால் இயந்திரத்தைக் கோபத்தில் சாய்த்தால், ‘டில்ட்’ என்று விளக்கு எரிந்து ஆட்டம் நின்றுவிடும். போக்கரில், தோற்ற எரிச்சலில் புத்தி சாய்ந்து கண்மண் தெரியாமல் ஆடுவதற்கு அந்தப் பெயர். இயந்திரம் நின்றுவிடும், மனுஷன் நிற்பதில்லை.

‘இதுக்கு நம்ம ஊர்ல என்ன மாமா பேரு?’ என்று கேட்டான்.

‘விட்டதைப் பிடிக்கிறது’ என்றார் அண்ணாச்சி, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். ‘ஆமா, நீ எவ்வளவு விட்ட?’

அவன் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ‘பிடிச்சிருவேன் மாமா’ என்றான்.

‘கடைசிச் சீட்டுக்கு என்னமோ பேர் சொன்னியே?’

‘ரிவர்.’

‘ரிவர்னா ஆறுதானல? சித்தாத்துல போன தண்ணிய எவன்ல திருப்பிப் பிடிச்சான்?’

யாரும் சிரிக்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்குக் கட்டைக் கலைத்தார்கள்.

வாசகி அம்மாவுக்கு இங்கே ஒரு விவரம். ரம்மியில் திறமைக்கே பெரும்பங்கு என்று உச்ச நீதிமன்றம் 1968-லேயே சொன்னது. எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைப்பதும், எதை வைத்து எதைக் கழிப்பது என்பதும் திறமை. மூணு சீட்டு வகை ஆட்டங்கள் வெறும் அதிர்ஷ்டம் என்றது. இணையத்துக்கு ஆட்டம் போன பிறகு வழக்கு திரும்பவும் சூடுபிடித்தது. இணையத்தில் பணம் வைத்து ஆடுவதைத் தடுத்த தமிழக அரசின் 2021 சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. பிறகு நீதியரசர் கே. சந்துரு தலைமையில் குழு, ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதா, 2023 ஏப்ரலில் ஒப்புதல். அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்று பட்டியலிட்டதை மட்டும் நீக்கியது. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது என்று 2025-இல் தமிழகம் விதி வகுத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரே வெட்டாக வெட்டியது: திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதற்கே தடை. ஆகவே அம்மா, மகன் பணம் வைக்காமல் ஆடுகிறானா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அதட்டலாக வேண்டாம். ‘நீ எவ்வளவு விட்ட?’ என்று அண்ணாச்சி கேட்ட குரலில் கேளுங்கள்.

அந்தச் சாயங்காலத்தின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து மணி இருக்கும். அண்ணாச்சி முகத்தில் லேசான வெளிச்சம், அதுதான் டெல். ஒரிஜினல் சேர்ந்துவிட்டது, டிக் அடிக்க ஒரு சீட்டுதான் பாக்கி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எனக்கோ ஒன்றும் சேரவில்லை. பரோட்டாச் செலவை மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். அப்போது கீழே தெருவிலிருந்து ஒரு பையன் கத்தினான்: ‘ஐந்தருவியில விட்டுட்டாங்க!’

அண்ணாச்சி சீட்டைக் கவிழ்த்து வைத்தார். கொடியில் கிடந்த துண்டை உருவித் தோளில் போட்டார்.

‘அண்ணாச்சி, ஒரு சீட்டுதானே!’ என்றேன், வாய்விட்டு.

‘சீட்டு நாளைக்கும் இருக்கும். தண்ணி இருக்குமா?’

இரண்டு படி இறங்கியவர் திரும்பித் தூணைப் பார்த்தார். ‘மருமவனே, ஸ்கூட்டு!’ என்றார். பையன் திரையை ஒரு தடவை பார்த்தான், மாமாவை ஒரு தடவை பார்த்தான். பிறகு போனைத் தலையணைக்குக் கீழே செருகிவிட்டுச் செருப்பைத் தேடினான்.

உங்கள் ஊரில் ஸ்கூட்டுக்கு வேறு பெயர் இருந்தால் எழுதுங்கள். அடுத்த இதழில் எல்லோருக்கும் சொல்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்